நீ திருப்பி அனுப்பிய நான்கு டயர்கள்

தம்பி,

நான்கு டயரும் பத்திரமாக வந்து சேர்ந்தன. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நம் காளிகாட் சந்துக்குள் ஒரு குட்டியானை வண்டி நுழைய முடியாமல் நுழைந்து, பூக்கடைக்காரனிடம் வசவு வாங்கிக்கொண்டு, நம் வாசலில் வந்து நின்றது. "காகு, தாதா பாட்டியேச்சேன்" என்றான் வண்டிக்காரன். மாமா, அண்ணன் அனுப்பியிருக்கிறார் என்கிறான். எந்த அண்ணன் என்று நான் கேட்கவில்லை. டயரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பதினோரு நாளைக்கு முன்னால் நானே நின்று, நானே தடவிப் பார்த்து உன் வண்டிக்குத் தேர்ந்தெடுத்த டயர்கள். புது டயரின் மேல் முள் முள்ளாக இருக்குமே, அந்த ரப்பர் முடிகூட முழுதாக உதிரவில்லை. கூடவே நீ ஆங்கிலத்தில் ஒரு துண்டுச்சீட்டு அனுப்பியிருந்தாய். எதிர்வீட்டுக்காரர்தான் வாசித்துச் சொன்னார்: 'அப்பா, இவை எனக்கு வேண்டாம். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.' வாசித்து முடித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்து, "நீங்க எப்ப கார் வாங்கினீங்க?" என்று கேட்டார். உங்கம்மா டயர்களை ஃப்ரிட்ஜ் பக்கத்தில் அடுக்கி, மேலே ஒரு பலகையைப் போட்டு, வெங்காயக் கூடையைத் தூக்கி வைத்துவிட்டாள். "லட்ச ரூபா மேஜை நம்ம வீட்லயும் ஒண்ணு இருக்கட்டும்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு சமையலறைக்குள் போய் அரைமணி நேரம் வெளியே வரவில்லை.

உனக்கு ஒன்பது தடவை போன் செய்தேன். ஒன்பது தடவையும் நீ மீட்டிங்கில் இருப்பதாகப் பதில் வந்தது. இத்தனை மீட்டிங் போட்டும் உன் கம்பெனி எப்படி உருப்படுகிறதோ, காளிக்குத்தான் வெளிச்சம். அதனால்தான் கடிதம். எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஐந்தாம் வகுப்போடு ஒத்துப்போகவில்லை. எழுத்து கோழி கிளறியது போலத்தான் இருக்கும். உனக்கோ பெங்காலி தண்ணீர்பட்ட பாடு, தமிழை மட்டும் எழுத்துக் கூட்டி வாசிப்பாய். ஆக இதை மருமகள்தான் உனக்கு வாசித்துக் காட்டப்போகிறாள். அம்மாடி, மதுரைக்காரி, நிறுத்தி நிதானமாக வாசி. நடுவில் ஓர் இடம் வரும். அதை வாசிக்க உனக்குச் சங்கடமாக இருக்கும். தாண்டிப் போய்விடாதே.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை விடிந்ததும் நீங்கள் மூன்று பேரும் அந்த வண்டியில் சென்னைக்குக் குடிபோகிறீர்கள். இப்போது அதில் மாட்டியிருக்கும் டயர்களோடு போகாதே. அவ்வளவுதான். மற்றதெல்லாம் இந்த ஒரு வரியை நீ நம்ப வேண்டுமே என்பதற்காக எழுதுகிறேன்.

டயர் மாற்ற வேண்டும் என்று நீ கூப்பிட்ட நாளிலிருந்து ஆரம்பிக்கிறேன். "அப்பா, நீங்க வாங்க, உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்" என்றாய். பெண் பார்க்கப் போனபோதுகூட நீ என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. இருப்பதில் நல்ல உடுப்பாகப் பார்த்து இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்தேன். என்னிடம் இருக்கும் நல்ல உடுப்பு எது? சாஹேப் வீட்டில் டிரைவராக இருந்தபோது கொடுத்த வெள்ளைச் சட்டையும் வெள்ளை பேண்டும்தான். பார்க் சர்க்கஸ் பக்கத்தில் நான் சாஹேபுக்கு டயர் வாங்கிய அதே கடைக்கு, அதே உடுப்பில், உன் பக்கத்தில் போய் நின்றேன். புத்திசாலித்தனத்தைப் பார்.

அங்கே நமக்குள் எவ்வளவு நல்லபடியாகப் பேச்சு நடந்தது என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். பளபளவென்று தொங்கிய பெரிய ரிம்மைக் காட்டி நீ கேட்டாய்:

"அப்பா, இந்த இருபத்திரண்டு இஞ்ச் போட்டா செமையா இருக்கும்ல?"

"இருக்கும். சாந்த்ராகாச்சி தாண்டுறதுக்குள்ள குழியில விழுந்து வளையும். கழட்டி உன் பொண்டாட்டி கையில வளையலா போட்டுக்கலாம்."

"சரி, பழைய சைஸே இருக்கட்டும். ரெண்டு மட்டும் மாத்தினா போதாதா?"

"நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டிடா இது. ரெண்டு புதுசு, ரெண்டு மொட்டைன்னா, மாப்பிள்ளையும் அவன் தாத்தாவும் சேர்ந்து பல்லக்குத் தூக்கின மாதிரி. பல்லக்குதான் ஒடியும்."

நீ வாய்விட்டுச் சிரித்தாய். எனக்கு அது போதுமாக இருந்தது. டயரின் ஓரத்தில் எழுதியிருக்கும் எடை எண்ணைக் காட்டினேன். இந்த வண்டி இரண்டரை டன் கனம், அதைத் தாங்கும் டயர்தான் வேண்டும், விலை குறைகிறதே என்று ஒரு படி இறங்கக் கூடாது என்றேன். பிறகு வயது பார்த்தேன். ஒவ்வொரு டயரிலும் நாலு இலக்கம் பொறித்திருக்கும்: முதல் இரண்டும் எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டும் எந்த வருஷம். கடைக்காரர் முதலில் இறக்கிய செட்டுக்கு மூன்று வயது. "இது எதுக்கு? வீட்டுக்கு எடுத்துப் போய்த் திதி குடுக்கவா?" என்றேன். இரண்டாவதையும் வேண்டாம் என்றேன். மூன்றாவது செட் ஏழு வாரக் குழந்தை. அதைத்தான் மாட்டச் சொன்னேன். ஃப்ரிட்ஜ் பக்கத்தில் வெங்காயம் சுமந்துகொண்டிருப்பது அந்தக் குழந்தைதான்.

நீ கல்லாவில் கார்டைத் தட்டிக்கொண்டிருந்தாய். கடைக்காரர் என் பக்கம் ஒதுங்கி வந்து, "தாதா, ஏட்டா ராகுன்" என்று மெதுவாகச் சொல்லி, ஒரு வெள்ளைக் கவரை என் சட்டைப்பையில் செருகினார். வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். முதலாளி பில் கட்டும்போது டிரைவர் பைக்குக் கமிஷன் கவர் போவது இந்த ஊரில் எல்லா டயர்க் கடையிலும் இருக்கிற வழக்கம். கொசு கடித்த இடத்துக்குக் கை தானாகப் போகுமே, அதுபோல என் கை தானாக மேலே போய்ப் பையை மூடியது. முப்பது வருஷப் பழக்கம். சரியாக அந்த நேரத்தில் நீ திரும்பினாய்.

அங்கேயே எடுத்து அவர் முகத்துக்கு நேரே திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். ஏன் கொடுக்கவில்லை என்று இத்தனை நாளும் யோசிக்கிறேன். அவர் என்னை உன் டிரைவர் என்று நினைத்துவிட்டார். 'இவர் என் அப்பா' என்று நீ ஒரு வார்த்தை சொல்வாய் என்று காத்திருந்தேன். நீ கார்டைப் பர்ஸில் வைத்தாய். பர்ஸைப் பையில் வைத்தாய். பிறகு வண்டியில் ஏறி உட்கார்ந்து எனக்காக ஹாரன் அடித்தாய்.

கரியாஹாட் மேம்பாலத்தில் ஏறும்போது கேட்டாய்.

"அப்பா, அந்தக் கவர்ல என்ன?"

"லவ் லெட்டர்."

"சீரியஸா கேக்குறேன்பா."

"நானும் சீரியஸாத்தான் சொல்றேன். அந்தக் கடைக்காரருக்கு ரொம்ப நாளா என்மேல ஒரு இது."

"சாஹேப் வீட்லயும் இப்படித்தானா? எப்பவுமேவா?"

"டிரைவருக்குக் கவர் வரலேன்னா வண்டியில சக்கரமே சுத்தாதுடா தம்பி."

இதுதான் நான் சொன்னது. ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கஷ்டமான கேள்வி வந்தால் என் வாய் தானாகக் கோமாளித் தொப்பியை மாட்டிக்கொள்ளும். உங்கம்மாவைக் கேள், சொல்வாள். ஜாதவ்பூர் வந்ததும் என்னை பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிட்டாய். அந்த வாரமே கண்ணாடிக் கட்டடத்துப் பெரிய ஷோரூமுக்குப் போய் வேறு நான்கு டயர்களை மாட்டிக்கொண்டாய். அப்பன் கமிஷனுக்கு ஆசைப்பட்டு மட்டமான சரக்கை மகன் தலையில் கட்டிவிட்டான் என்று நினைத்திருக்கிறாய். நினைத்தது போதாதென்று கழற்றியதை எனக்கே அனுப்பிவைத்தாய். எங்கள் தொழிலில் இன்னொரு வழக்கமும் உண்டு, உனக்குத் தெரியுமோ என்னவோ. வண்டியிலிருந்து கழற்றிய டயர் டிரைவருக்குச் சேரும். தெரியாமல்தான் அனுப்பியிருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். தெரிந்து அனுப்பினாய் என்று வைத்துக்கொண்டால் எனக்குச் சோறு இறங்காது.

கவரை நான் மறுநாளே கடைக்காரரிடம் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "நான் அவன் டிரைவர் இல்ல, அப்பன்" என்றேன். "அப்படியா தாதா, யாருமே சொல்லலியே" என்றார். யாரும்தான் சொல்லவில்லை.

அம்மாடி, இனிமேல் வருவதுதான் அந்த இடம். தண்ணீர் குடித்துவிட்டு வாசி.

தம்பி, நீ கேட்ட கேள்விக்கு இப்போது தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுப் பதில் சொல்கிறேன். ஆமாம், எப்பவுமேதான். டயர், பேட்டரி, சர்வீஸ் எதற்குப் போனாலும் கவர் வாங்கினேன். வாங்காத டிரைவரை நான் பார்த்ததில்லை, அதனால் அதை ஒரு தப்பாகவே நினைத்ததில்லை. ஆனால் ஒரு தடவை தப்பு என்று தெரிந்தே செய்தேன். நீ ஒன்பதாவது படிக்கிறாய். சாஹேபின் பெரிய வண்டிக்கு டயர் மாற்ற வேண்டும். கடையில் சொன்னார்கள்: 'இந்த சைஸ் யாரும் வாங்குறதில்ல, ரொம்ப நாளாக் கிடக்கு. இதையே மாட்டினா உன் கவர் கொஞ்சம் கனமா இருக்கும்.' நாலு இலக்கத்தைப் பார்த்தேன். அப்போதே நாலு வயதைத் தாண்டியிருந்தது. கிடங்கில் கிடந்த ரப்பர் பார்க்கப் புதிதாகத்தான் இருக்கும், உள்ளே இறுகிப்போயிருக்கும். வெயிலில் தெரியாது, மழையில் தெரியும். எல்லாம் தெரிந்தே சரி என்றேன்.

இரண்டு மாதம் கழித்து, ஆடி மழையில், டாலிகஞ்சில் டிராம் தண்டவாளத்தின் மேல் பிரேக் பிடித்தேன். வண்டி நிற்கவில்லை. தட்டில் போட்ட சோப்பு மாதிரி பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போய், நின்றிருந்த பஸ்ஸில் பின்கதவு மோதியது. பின்னால் உட்கார்ந்திருந்தது உன் ஜேட்டிமா. சாஹேபின் மனைவிக்கு நீ வைத்த பெயர் அதுதானே, பெரியம்மா. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் உன்னைத் தன் சாப்பாட்டு மேஜையில் உட்காரவைத்து ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர். அவர் இல்லாவிட்டால் உனக்கு ஜாதவ்பூர் காலேஜும் இல்லை, இந்த வண்டியும் இல்லை. அவருக்கு வலது தோள் நொறுங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சாஹேபிடம் அவரே சொன்னார், "அவன் மேல தப்பு இல்ல, மழை" என்று. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும், "ஆமா, மழை" என்றேன். டயரை யாரும் பார்க்கவில்லை. என்னைத் தவிர அதைப் பார்க்கத் தெரிந்தவர்கள் அங்கே யாரும் இல்லை. அதற்குப் பிறகு அவரால் அந்தக் கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. உன் நோட்டை இடது கையால் திருத்த ஆரம்பித்தார். 'ஜேட்டிமா ஏம்பா இந்தக் கையால எழுதுறாங்க?' என்று நீ கேட்டாய். 'ஸ்டைலுக்குடா' என்றேன்.

உன் படிப்புக்காகத்தான் செய்தேன் என்று எழுதக் கை வருகிறது. அது பொய். அந்தக் கவரில் நான் எனக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கிக்கொண்டேன். அதன்பிறகு கவர் வாங்குவதை விட்டேனா என்றால் அதுவும் இல்லை. கிழட்டு டயரை மட்டும் தொடுவதில்லை என்று ஒரு நியாயம் கண்டுபிடித்து வைத்துக்கொண்டு, கவர்களை வாங்கிக்கொண்டேதான் இருந்தேன். ஊருக்குப் போகும் முன் நீ ஜேட்டிமாவைப் பார்க்கப் போவாய். இதைச் சொல்வதா வேண்டாமா என்று நீயே முடிவு செய்துகொள். இத்தனை வருஷம் போய்ப் போய் அவர் வாசலில் நின்று, ஜோக் சொல்லிவிட்டுத் திரும்பியவன் நான். எனக்கு அந்தத் தைரியம் வராது.

இதை இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், பாம்பின் கால் பாம்பறியும். உன் மாதிரிப் பெரிய வண்டிகளுக்குத்தான் இந்த ஆபத்து. சின்னக் கார் டயர் இட்லி மாதிரி, வந்த சூட்டில் விற்றுவிடும். உன் வண்டி டயர் தீபாவளி முறுக்கு. வாங்க ஆள் வரும்வரை டப்பாவில் கிடக்கும். கடை எவ்வளவு பெரிதோ, கண்ணாடி எவ்வளவு பளபளப்போ, கிடங்கு ஒன்றுதான். அதனால் டயர்கள் வந்த மறுநாள், செவ்வாய்க்கிழமை மத்தியானம், நீ கம்பெனி பஸ்ஸில் ஆபீஸ் போயிருக்கும்போது உன் அடுக்குமாடிக்கு வந்தேன். மேலே வரவில்லை. வந்திருந்தால் மருமகள் காபி கொடுப்பாள், பேத்தி சின்னவள் என் மூக்கைப் பிடித்து இழுப்பாள், நான் எதையாவது சொல்லிச் சிரிக்கவைத்துவிட்டுப் போய்விடுவேன். காவலாளியிடம் சொல்லிவிட்டு நேரே கீழ்த்தளத்துக்குப் போய், பழைய பேப்பரை விரித்து, உன் வண்டிக்கு அடியில் படுத்தேன்.

வெளிப்பக்கத்தில் வயது இல்லை. அந்த நாலு இலக்கம் டயரின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். நாலிலும் அந்தப் பக்கத்தை உள்ளே வைத்து மாட்டியிருக்கிறார்கள். வேண்டுமென்றே செய்தார்களா, தானாக அமைந்ததா, அது எனக்குத் தெரியாது. மொபைல் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு உள்ளே தலையை நீட்டி ஒவ்வொன்றாக வாசித்தேன். நாலும் ஒரே வயதுகூட இல்லை. ஒன்றுக்கு இரண்டு வயது. இரண்டுக்கு நாலு. மிச்சம் இருக்கிற ஒன்றுக்கு ஐந்து முடிந்துவிட்டது, அதன் கோடுகளுக்கு நடுவில் பித்தவெடிப்பு மாதிரி மெல்லிய கீறல்கள். நகத்தால் அழுத்தினேன், உள்ளே இறங்கவில்லை. எனக்கு அந்த மழைநாள் டயர் நினைவுக்கு வந்தது. அப்படியே படுத்துக் கிடந்தேன். யாரோ காலைத் தட்டினார்கள். உன் மாடியில் குடியிருக்கிற அம்மாள் போலிருக்கிறது. "நம்ம வண்டியும் கழுவுவியா? மாசம் எவ்வளவு?" என்று ஹிந்தியில் கேட்டார். "முடியாது மேடம், இந்த ஒரு வண்டிக்கே முப்பத்திரண்டு வருஷம் போயிடுச்சு" என்றேன். அவருக்குப் புரியவில்லை. உன் வயதுதான் முப்பத்திரண்டு என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இப்போது நீ செய்ய வேண்டியது. ஷோரூமுக்குப் போன் போட்டுக் கேட்காதே. நல்ல டயர் என்றுதான் சொல்வார்கள், ஆங்கிலத்தில் சொல்வார்கள், உனக்கு ஆறுதலாக இருக்கும். சென்னை வரை ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர். கடற்கரை ஓரமாக மழை கூடவே வரும். புவனேஸ்வர் தாண்டினால் ரோடு கண்ணாடி மாதிரி இருக்கும், உன் கால் தானாக மிதிக்கும், இந்த வண்டி நூற்றிருபதில் போனாலும் நாற்பதில் போவது மாதிரிதான் காட்டும். நான் தேர்ந்தெடுத்த டயர் வேண்டாமென்றால் வேண்டாம். வேறு எங்கே வேண்டுமானாலும் வாங்கு. நாலும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, அதே எடை எண். மாட்டுவதற்கு முன்னால் இலக்கத்தை உன் கண்ணால் பார். ஆறு மாதத்துக்கு மேல் போனால் திருப்பி அனுப்பு. யாராவது யார் பையிலாவது கவர் வைத்தால் வைக்கட்டும், நீ இலக்கத்தை மட்டும் பார். ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் இதற்கு நேரம் இல்லை என்று மட்டும் சொல்லாதே. ஒரு நாள் தள்ளிப் போனால் சென்னை எங்கேயும் ஓடிவிடாது.

நான் எழுதியது பொய்யாக இருந்தால் என்னைத் திட்டிக்கொண்டே கிளம்பு, நான் தடுக்கவில்லை. உண்மையாக இருந்தால், அதற்காக என்னிடம் வந்து மன்னிப்பு அது இது என்று நிற்காதே. இப்போது எனக்கு அது வேண்டாம். எதையாவது சொல்லிச் சிரித்துவிடுவேன், அப்புறம் இரண்டு பேருக்கும் ஒன்றும் மிஞ்சாது. டயரை மாற்றிக்கொண்டு போ. இதை நாளைக்கு உங்கம்மா கொண்டுவந்து கொடுப்பாள். சின்னவளைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுத் திரும்பிவிடுவாள். அவளிடம் எதுவும் கேட்காதே, ஜேட்டிமா விஷயம் அவளுக்கும் தெரியாது.

என்னை நம்பச் சொல்லவில்லை. கீழே போய் நீயே படுத்துப் பார். சட்டை அழுக்காகும், பரவாயில்லை. இடது பக்கப் பின்சக்கரத்திலிருந்து ஆரம்பி. ஐந்து வயது முடிந்தது அதுதான். நேர் மேலேதான் சின்னவளின் இருக்கையைக் கட்டியிருக்கிறாய்.

அப்பா